நாளையை மறக்கச் சொல்வது யாரிடம்? பாடலாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள திரைப்பாடலாசிரியர்களுக்கும், அவர்களுக்கு மெட்டுக் கொடுக்கும் இசையமைப்பாளர்களுக்கும்,

வணக்கம். நான் பாட்டு எழுதுகிறவன் இல்லை, கேட்கிறவன். கேட்டுக் கேட்டுக் காது தேறிவிட்டதால் வந்த தொல்லை ஒன்றைச் சொல்லத்தான் இந்த மடல். பல்லவியில் ‘நாளை’ என்ற சொல் விழுந்தால் அடுத்த அடி என்னவென்று இப்போதெல்லாம் மெட்டு திரும்பும் முன்பே தெரிந்துவிடுகிறது. நாளையை மறக்கச் சொல்வீர்கள். நேற்றைத் தூக்கி எறியச் சொல்வீர்கள். வாழ்க்கை ஒரு தடவைதான் என்று நினைவூட்டுவீர்கள். நடுவில் ஒரு மச்சியோ மாமாவோ வருவார். அப்புறம் கோரஸ். படம் மாறும், நாயகன் மாறுவார், தாளக் கருவி மாறும். ஆனால் ஒரு படத்துச் சரணத்தைத் தூக்கி இன்னொரு படத்துப் பல்லவிக்குக் கீழே வைத்தால், எழுதியவருக்கே வித்தியாசம் தெரியுமா என்பது சந்தேகம்.

‘இந்தக் கணத்தில் வாழ்’ என்ற கருத்தோடு எனக்குச் சண்டை இல்லை. மனிதர்கள் எழுதிவைத்த மிகப் பழைய கவிதைகளிலேயே அது இருக்கிறது. என் கேள்வி வேறு. இதை யார், யாரிடம் சொல்கிறார்? அவர் என்ன செய்யக் கிளம்பும்போது மறித்துச் சொல்கிறார்? பழைய பாட்டுகளில் இதற்கு விடை இருக்கிறது. இன்றைய பாட்டுகளில் தேடிப் பார்த்தேன், பெரும்பாலும் கிடைக்கவில்லை. யாரோ, யாரிடமோ, எதற்காகவோ.

கலித்தொகையின் பதினெட்டாம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாலைக்கலி, அதாவது பிரிவைப் பாடும் பகுதி. பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது என்பது மரபு. தலைவன் பொருள் தேடப் புறப்பட்டு நிற்கிறான். தோழி வழிமறிக்கிறாள். எடுத்த எடுப்பில் நிலையாமை பேசவில்லை அவள். நீ ஆசையாகத் தோளில் எழுதிய தொய்யில் கோலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார் என்று ஆரம்பிக்கிறாள். அடுத்து வருவது சுத்தமான கணக்குப் பேச்சு:

சென்றோர்
முகப்பப் பொருளும் கிடவாது, ஒழிந்தவர்
எல்லாரும் உண்ணாதும் செல்லார்

போனவர்கள் அள்ளிக்கொள்ளட்டும் என்று அங்கே பொருள் குவிந்து கிடக்கவில்லை. போகாமல் தங்கிவிட்டவர்கள் எல்லாரும் பட்டினியாகவும் கிடக்கவில்லை. வேலை தேடித் தூர தேசம் புறப்படும் எவரிடமும் இன்றைக்கும் இதைச் சொல்லலாம். சட்டென்று பதில் வராது. இந்தக் கணக்கெல்லாம் முடிந்த பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற கேள்வி வருகிறது:

இளமையும் காமமும் ஓராங்குப் பெற்றார்
வளமை விழைதக்கது உண்டோ?

இளமையும் காதலும் ஒருசேர வாய்த்தவர்களுக்குச் செல்வத்தின் மேல் ஆசைப்பட என்ன இருக்கிறது? இதோடு நிறுத்தியிருந்தால்கூட நல்ல வரிதான். உங்களில் பலர் இதோடு நிறுத்தியிருப்பீர்கள், ஏனென்றால் ஹூக் லைன் கிடைத்துவிட்டது. தோழி நிறுத்தவில்லை.

உளநாள்
ஒரோஒகை தம்முள் தழீஇ, ஒரோஒகை
ஒன்றன்கூறு ஆடை உடுப்பவரே ஆயினும்
ஒன்றினார் வாழ்க்கையே வாழ்க்கை, அரிதுஅரோ
சென்ற இளமை தரற்கு

இருப்பது ஒரே துணி. அதை இரண்டாகக் கிழித்து ஆளுக்கொரு கூறு கட்டியிருக்கிறார்கள். ஒரு கை ஒருவரையொருவர் அணைத்திருக்கிறது. மறு கை, இடுப்புத் துணி நழுவாமல் பிடித்திருக்கிறது. அப்படி வாழ்ந்தாலும் சேர்ந்திருப்பவர்களின் வாழ்க்கைதான் வாழ்க்கை. அந்த இரண்டாவது கையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது சும்மா இல்லை. வறுமையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. போகாதே என்று சொல்கிறவள், போகாமல் இருந்தால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதையும் மறைக்காமல் அவன் கண்முன் விரித்துவிடுகிறாள். அரைத் துணிதான் மிஞ்சும், அப்போதும் சரிதான் என்கிறாள். போன இளமை திரும்பாது என்பது கடைசியில் வரும் நாலைந்து சொற்கள் மட்டுமே. அதற்குள் நமக்கே தெரிந்துவிடுகிறது, அதைச் சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது என்று. பாடிய பெருங்கடுங்கோ சேர அரச மரபினர் என்பார்கள். கிழிந்த துணியை அவர் எங்கே பார்த்தாரோ, பார்த்திருக்கிறார்.

இப்போது உங்கள் பாட்டுக்கு எடுக்கப்படும் காட்சிகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கூரை திறந்த கார், விமானம் ஏறிப் போனால்தான் பார்க்கக் கிடைக்கும் கடற்கரை, கண்ணாடிக் கோப்பைகள் மோதும் மதுக்கூடம். வாயசைப்பில் ‘காசு என்னடா காசு’ என்ற மாதிரி ஒரு வரி. அந்தக் கணத்தை அனுபவிக்க முதலில் வளமை வேண்டும் என்றாகிவிட்டது. உங்கள் பேச்சை நம்பி ஒருவன் அப்படி வாழ ஆசைப்பட்டால், தோழி மறித்த அதே வழியில்தான் அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

பொற்கிண்ணமும் கள்ளும் பழம்பாட்டில் இல்லையா என்று கேட்பீர்கள். நிறையவே இருக்கிறது. புறநானூற்றின் 24ஆம் பாட்டில் மாங்குடி கிழார் சொல்வது இது:

ஒண்தொடி மகளிர் பொலங்கலத்து ஏந்திய
தண்கமழ் தேறல் மடுப்ப மகிழ்சிறந்து
ஆங்கினிது ஒழுகுமதி பெரும! ஆங்கது
வல்லுநர் வாழ்ந்தோர் என்ப

வளையணிந்த பெண்கள் பொற்கிண்ணத்தில் தரும் குளிர்ந்த மணமுள்ள கள்ளைக் குடித்து மகிழ்ந்து இனிதாக இரு; அப்படி இருக்கத் தெரிந்தவர்களைத்தான் ‘வாழ்ந்தவர்கள்’ என்று சொல்வார்கள். வரியை மட்டும் உருவி எடுத்தால் உங்கள் பார் பாட்டுக்கு அப்படியே பொருந்தும். ஆனால் எதிரே நிற்பவர் யார்? தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன். சேரனும் சோழனும் வேளிர் என்ற குறுநில மன்னர் ஐவருமாக ஏழு பேரை ஒரே களத்தில் தோற்கடித்தவன். அதே பாட்டில் அவன் பிறரிடமிருந்து பிடித்த மிழலை, முத்தூறு என்ற ஊர்கள் வருகின்றன. வாழ்நாளெல்லாம் சண்டைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பவனிடம் போய், வென்றவர்களை யாரும் வாழ்ந்தவர்கள் என்று சொல்வதில்லை, குடித்து மகிழத் தெரிந்தவர்களைத்தான் சொல்கிறார்கள் என்று ஒரு புலவர் சொல்கிறார். துணிச்சல் கிண்ணத்தில் இல்லை, அதை நீட்டும் இடத்தில் இருக்கிறது. வேலையே இல்லாமல் சுற்றும் நாலு நண்பர்களிடம் அதே கிண்ணத்தை நீட்டினால் அது வெறும் கள்.

அதே புறநானூற்றில் ஔவையார் பாடிய 367ஆம் பாட்டையும் பக்கத்தில் வையுங்கள். சேர, சோழ, பாண்டியர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் அபூர்வமான நேரம். வாழ்த்த வந்தவர், நாடு உங்களுடையதே ஆனாலும் உங்களோடு வராது என்று தொடங்குகிறார். மூன்று பேரும் யாருடைய நாட்டுக்காக ஒருவரோடொருவர் மோதிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் அந்த அடி எங்கே போய்க் குத்தும் என்பது விளங்கும். பிறகு அவரும் கள்ளைக் குடித்து மகிழச் சொல்கிறார். சொன்ன மூச்சிலேயே, இரவலர்க்கு அருங்கலங்களைக் குறையாமல் வாரி வீசச் சொல்கிறார். குடிப்பதற்கும் கொடுப்பதற்கும் நடுவில் ஒரு நிறுத்தக்குறி வைக்கக்கூட இடமில்லை. உங்கள் பாட்டில் நாயகன் நண்பர்களுக்கு வாங்கிக் கொடுப்பான், அது சரி. அந்த வட்டத்துக்கு வெளியே இருந்து யாராவது சட்டகத்துக்குள் வருகிறார்களா? கோப்பையை எடுத்துவைக்கும் ஆளின் முகம்கூடத் தெரியாது.

இது தமிழுக்கு மட்டும் உள்ள குணம் என்று பெருமையடிக்க வரவில்லை. பாபிலோனியக் களிமண் பலகையில் இருக்கும் கில்கமெஷ் கதையில், நண்பனைப் பறிகொடுத்துவிட்டுச் சாகாவரம் தேடி அலையும் அரசனிடம் சிதுரி என்ற மதுக்கடைக்காரி சொல்கிறாள்: வயிறாரச் சாப்பிடு, தலைக்குக் குளி, உன் கையைப் பிடித்திருக்கும் குழந்தையைப் பார். சாவைக் கண்டு ஓடுகிறவனிடம் சொன்னதால் அந்தக் குழந்தையின் கைக்கு அவ்வளவு கனம். ரோமக் கவிஞர் ஹொராஸ், கி.மு. 23 வாக்கில் வெளிவந்த தன் தொகுப்பில், லெயுகொனொவே என்ற பெண்ணிடம் பேசுகிறார். அவள் எத்தனை நாள் இருப்போம் என்று ஜோசியக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதை விடு, நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே பொறாமை பிடித்த காலம் ஓடிப்போயிருக்கும், இன்றைய நாளைப் பறித்துக்கொள் என்கிறார். அந்தக் கடைசிச் சிறு தொடரை மட்டும் கிள்ளி எடுத்து இன்று உலகம் முழுக்கக் கையில் பச்சை குத்திக்கொள்கிறார்கள். ஜோசியம் பார்த்துக்கொண்டிருந்த பெண் காணாமல் போய்விட்டாள். 2011இல் ஒரு கனடிய ராப் பாட்டிலிருந்து கிளம்பி ஊர் ஊராகப் பரவிய ‘யோலோ’ (‘வாழ்வது ஒரு தடவைதான்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) அதைவிட வேகமாகப் பனியன் வாசகம் ஆனது. அதில் தொலைந்துபோக ஆள் என்று யாரும் இல்லை.

பழசென்றால் எல்லாம் தங்கம் என்றும் நான் சொல்லவில்லை. இந்த வகைக் கவிதையில் ஒரு பெரிய பகுதி பச்சையான வசியப் பேச்சு. 1648இல் ஹெரிக் என்ற ஆங்கிலக் கவிஞர் கன்னிப் பெண்களைப் பார்த்து, ரோஜா மொட்டுகளை இப்போதே பறித்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வாடிவிடும் என்று பாடினார். அவர் காலத்திலும் அவருக்குப் பிறகும் அந்த மொழியில் இப்படி எழுதியவர்கள் பலர். எல்லாவற்றிலும் ஆண் அவசரப்படுத்துவான், பெண் தயங்குவாள், காலம் அவன் பக்கம் சாட்சி சொல்லும். நம் திரைப்பாட்டிலும் இது வேண்டிய அளவு உண்டு. இளமை போய்விடும் என்று நாயகியைத் துரத்தித் துரத்திச் சொல்லும் நாயகனுக்கு மட்டும் இளமை போகவே போகாது; அறுபதிலும் அதே பாட்டு. இந்த இடத்தில் கலித்தொகை எனக்கு இன்னும் பிடித்துப்போகிறது. அங்கே பேசுகிறவள் பெண். அவசரப்படுத்தவில்லை, இருக்கச் சொல்கிறாள். கிளம்புகிறவன் ஆண்.

பாரதியை எடுங்கள். ‘சென்றதினி மீளாது மூடரே’ என்று வைதுகொண்டே தொடங்கும் அந்தப் பாட்டு இன்று கைபேசிகளில் காலை வணக்கப் படமாகச் சுற்றுகிறது. ‘இன்றுபுதி தாய்ப்பிறந்தோம்’ என்ற அடியை மட்டும் பூப் படத்தின் மேல் ஒட்டியிருப்பார்கள். ‘மூடரே’யை வெட்டியிருப்பார்கள், காலையிலேயே யாரையும் திட்ட வேண்டாமே என்று. எனக்கு அந்தத் திட்டுதான் முக்கியம். ‘கொன்றழிக்கும் கவலையெனும் குழியில் வீழ்ந்து குமையாதீர்’ என்று சொல்ல எதிரே ஒரு கூட்டம் குழிக்குள் கிடக்கிறது. அவர்களைத் தலைமயிரைப் பிடித்து இழுக்கிறார். ‘தின்றுவிளை யாடியின்புற் றிருந்து வாழ்வீர்’ என்று முடிக்கும்போது, அது குழியிலிருந்து ஏறி வந்தவனுக்குக் கிடைக்கும் வெயில். மேட்டில் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பவனிடம் சொன்னால் அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவான்.

திரைப்பாட்டில் இதெல்லாம் சாத்தியமா என்று கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன், ஏனென்றால் உங்கள் முன்னோர்களே செய்து காட்டியிருக்கிறார்கள். 1962இல் வந்த ‘சுமைதாங்கி’ படத்துக்குக் கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடிய ‘மயக்கமா கலக்கமா’வில் கடைசியில் ஓரடி வரும்: ‘நாளைப் பொழுதை இறைவனுக்களித்து நடக்கும் வாழ்வில் அமைதி தேடு’. இதுவும் நாளையை விடச் சொல்கிற பாட்டுதான். ஆனால் நாளையைக் குப்பைக்கூடையில் போடச் சொல்லவில்லை. பத்திரமாக ஒருவர் கையில் ஒப்படைக்கச் சொல்கிறது. கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் அந்தப் பாரம் கைமாறும் நிம்மதி புரியும். எதிரே இருப்பவர் யார்? குழம்பிப் போன மனம். பாடுகிறவனே கேட்கிறவன். வாய்ப்புக் கிடைக்காமல் சென்னையை விட்டே கிளம்ப இருந்த காலத்தில் இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் மனம் மாறித் தங்கினேன் என்று கவிஞர் வாலி பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். மூட்டை கட்டியவனை மறித்த தோழியின் வேலையை ஒரு திரைப்பாட்டு செய்திருக்கிறது, அதுவும் அடுத்த தலைமுறைப் பாடலாசிரியர் ஒருவருக்கு. உங்கள் தொழிலின் வரலாற்றுக்குள்ளேயே நடந்த கதை இது.

அடுத்த ஆண்டு வந்த ‘பணத்தோட்டம்’ படத்தில் அதே கண்ணதாசன்: ‘பின்னாலே தெரிவது அடிச்சுவடு, முன்னாலே இருப்பது அவன் வீடு, நடுவினிலே நீ விளையாடு’. இரண்டு ஆண்டு கழித்து ‘வக்த்’ என்ற இந்திப் படத்துக்கு சாஹிர் லூதியான்வி எழுதியது கிட்டத்தட்ட இதே படம்: முன்னால் உள்ளதும் உனக்குத் தெரியாது, பின்னால் உள்ளதும் தெரியாது, இருப்பது இந்த ஒரு கணம்தான். சாஹிரின் வரி அழகு. ஆனால் எனக்குக் கண்ணதாசனுடையதில் ஒரு படி கூட ஆசை, காரணம் அடுத்த அடி: ‘நல்லதை நினைத்தே போராடு’. விளையாடு என்று சொன்ன வாய் மூடும் முன் போராடு என்கிறது. சந்தம் கேட்டது, எதுகை உதவியது, அவ்வளவுதான் என்று ஒரு பாடலாசிரியர் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடும். இருக்கட்டும். சந்தம் கேட்டபோது அவர் கைக்கு வந்த சொல் ‘கொண்டாடு’ இல்லையே. அது இன்னும் சுலபமாக உட்கார்ந்திருக்கும்.

இசையமைப்பாளர்களுக்கு இரண்டு விஷயம், பிறகு முடித்துவிடுகிறேன்.

முதலாவது, நீளம். ரீல்ஸுக்கு முப்பது விநாடியில் பிடிக்க வேண்டியிருக்கிறது, அதில் தோழியும் தலைவனும் எங்கே நிற்பார்கள் என்று கேட்பீர்கள். உலகத்தில் இசைக்குறிப்போடு முழுமையாகக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பாட்டு ஒன்று இருக்கிறது. இன்றைய துருக்கியில் அய்தின் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1883இல் ஒரு கல் கிடைத்தது. கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்கிறார்கள். இப்போது கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸெய்கிலோஸ் என்பவர் நட்ட கல்லறைக் கல் அது. கிரேக்கச் சொற்களுக்கு மேலே சுர எழுத்துகளைச் செதுக்கி வைத்திருக்கிறார். பாட்டு சொல்வது: உயிரோடு இருக்கும்வரை ஒளிவீசு; எதற்கும் நோகாதே; வாழ்வு கொஞ்ச காலம்தான்; முடிவைக் காலம் கேட்டு வாங்கிக்கொள்ளும். மொத்தப் பாட்டையும் ஒரு நிமிடத்துக்குள் பாடி முடித்துவிடலாம். அதைவிடக் குட்டையான பாட்டை உங்கள் தயாரிப்பாளர் கேட்டிருக்க மாட்டார். அத்தனை சின்னதிலும் சொல்கிறவர் யார், கேட்கிறவர் யார் என்பதில் குழப்பமே இல்லை. செத்தவர் பக்கமிருந்து, வழியில் நடந்து போகிறவருக்கு. மெட்டைப் பாடிக் கேட்டால் ஒப்பாரியாகவும் இல்லை, துள்ளலாகவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே எங்கேயோ நிதானமாக நடக்கிறது. ஆகவே முப்பது விநாடியின் மேல் பழி போடாதீர்கள்.

இரண்டாவது, மகிழ்ச்சி என்றாலே ஒலி முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்துவிடுவது. பக்குடுக்கை நன்கணியார் என்ற புலவர் புறநானூற்றின் 194ஆம் பாட்டில் கிட்டத்தட்ட ஒரு இசைக்கோப்பையே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு வீட்டில் சாவுக்குரிய நெய்தல் பறை. இன்னொரு வீட்டில் மணமுழவு. இரண்டும் ஒரே நேரத்தில். அங்கே பூச்சூடிய பெண்கள், இங்கே கண்ணீர் சொரியும் கண்கள். இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று கடவுளையே வைதுவிட்டு முடிக்கிறார்:

இன்னாது அம்மஇவ் வுலகம்
இனிய காண்கிதன் இயல்புணர்ந் தோரே

கொடுமையான உலகம் இது; இதன் இயல்பு தெரிந்தவர்கள் இனியதைக் காணுங்கள். இரண்டு தாளக் கருவிகள், இரண்டு காலப்பிரமாணம், ஒரே கணம். இத்தனை டிராக்குகளை அடுக்கி மிக்ஸ் செய்கிற வசதி அந்தப் புலவருக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. முழவை மட்டும் உயர்த்திவைத்துவிட்டுப் பறையை மியூட் செய்துவிடுகிறீர்கள். சோகப் பாட்டென்றால் மறுபடி தலைகீழ். இரண்டும் ஒன்றாக ஒலிக்கும் ஒரு பாட்டுக்காகக் காத்திருக்கிறேன்.

ஒரே பாட்டை இரண்டு இடத்தில் வைப்பதில் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 1915இல் ஜப்பானில் ஒரு மேடை நாடகத்துக்காக யோஷீ இசாமு எழுதி நகயாமா ஷிம்பெய் இசையமைத்த ‘கோண்டோலாப் பாட்டு’. வாழ்வு குறுகியது, உதட்டுச் சிவப்பு வெளுக்கும் முன் காதல் செய், பெண்ணே என்று போகும். ஹெரிக்கின் ரோஜா மொட்டுதான், ஊர் மட்டும் வேறு. 1952இல் அகிரா குரோசாவா இதைத் தன் ‘இகிரு’ படத்தில் எடுத்துக்கொண்டார். வயிற்றுப் புற்றுநோய் வந்திருக்கும் ஒரு நகராட்சி அதிகாரி, வாழ்நாளெல்லாம் கோப்புகளுக்கு முத்திரை குத்தியதைத் தவிர ஒன்றும் செய்யாதவர், ஓர் இரவு விடுதியில் இந்தப் பாட்டைக் கேட்டு வாங்கித் தானே பாடுகிறார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று விடுகிறார்கள். படத்தின் இறுதிப் பகுதியில், தான் போராடிக் கட்டிக்கொடுத்த சிறுவர் பூங்காவின் ஊஞ்சலில், பனி கொட்டும் இரவில், மறுபடி அதையே பாடுகிறார். முதல் தடவை அது தன் மேல் தானே இரக்கப்படும் குரல். இரண்டாம் தடவை நிறைந்த குரல். வரி ஒன்றுகூட மாறவில்லை. இளம்பெண்ணைப் பார்த்துச் சொன்ன பாட்டைச் சாகப் போகிற கிழவர் வாயில் வைத்தார் குரோசாவா, அவ்வளவுதான் செய்தார். மீண்டும் வரும் பல்லவி என்ற ஆயுதம் உங்களிடம் எப்போதும் இருக்கிறது. முதல் சரணத்துக்கு முன் ஒரு பொருளும், இரண்டாம் சரணத்துக்குப் பின் வேறு பொருளும் அதற்கு இருந்தால் என்ன? இப்போது மூன்று தடவை வந்தாலும் அது முதல் தடவை சொன்னதையே சொல்லிவிட்டுப் போகிறது.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. இயக்குநர் கொடுக்கும் சிச்சுவேஷன் ‘ஹீரோ ஃப்ரெண்ட்ஸோட ஜாலியா இருக்கார், ஒரு பெப்பியான பாட்டு’ என்ற ஒற்றை வாக்கியம். மெட்டு முதலில் வந்துவிடும். மெட்டின் சந்தத்தை மட்டும் ‘தன்னானே’ என்று காட்டும் தத்தகாரத்தின் மேல் போட்ட டம்மி வரிகளே எல்லாருக்கும் பழகிப்போய், கடைசியில் அவையே நின்றுவிடுவதும் உண்டு. சரணத்துக்கு நேரமும் இருப்பதில்லை, இப்போது சில பாட்டுகளில் சரணமே இருப்பதில்லை. ஆனாலும் இயக்குநரிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்க எந்த மெட்டும் தடுக்காது: இவன் இதை யாரிடம் சொல்கிறான்? அதற்கு அவரிடம் பதில் இல்லையென்றால் நீங்களே ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

ஆளா இல்லை? பதவி உயர்வு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பத்தாண்டாகத் தள்ளிப்போடும் அப்பாவிடம் அவருடைய மகள் பாடட்டும். சிதுரி சொன்ன அந்தக் குழந்தை வளர்ந்துவிட்டது, கையை விடப் போகிறது. கச்சேரி முழுவதையும் கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருக்கும் காதலனிடம் பக்கத்தில் நிற்பவள் பாடட்டும். அவனுக்கும் ஒரு கை வேலையாகத்தான் இருக்கிறது. ஓய்வு பெற்ற மறுநாள் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவரிடம் அவருடைய மனைவி பாடட்டும். இளமை போய்விடும் என்று பயமுறுத்த முடியாத இடத்தில், இந்தக் கணத்தை எப்படி விற்பீர்கள் என்று பார்க்க எனக்கு நிஜமாகவே ஆவல். இதில் எதையும் குத்துத் தாளத்தில் போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

குத்துப்பாட்டே வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் கால் தாளம் போடும். ஆனால் அந்த வகைப் பாட்டில் நாளையைப் பற்றி எதையும் சொல்லாமல் விட்டுவிடுங்கள். ஆடிக்கொண்டிருக்கிறவனிடம் போய் இந்தக் கணத்தில் வாழ் என்று எதற்குச் சொல்ல வேண்டும்? அவன் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறான், நாம் நடுவில் புகுந்து நாளையை ஞாபகப்படுத்தும் வரைக்கும். சந்தம் நிரம்ப வேண்டுமென்றால் அந்த இடத்தில் தத்தகாரத்தையே வைத்துவிடுங்கள். தன்னானே என்று கோரஸ் பாடினால் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
பாட்டு கேட்கும் ஒருவன்